குரலுக்குச் சொந்தக்காரர்

“அக்கா, மூணாவது தடவையும் திருப்பி அனுப்பிட்டாங்க” என்றாள் கோகிலா.

பென்னாகரம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே செல்போன் கடை வைத்திருக்கிற பெண். வீடியோத் தளத்துக்கு எங்கள் புகாரை அவள்தான் அனுப்பிக்கொண்டிருக்கிறாள். நான் சொல்வேன், அவள் தட்டுவாள். என் வீட்டுக்காரர் வீரமணி ஸ்டூலில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். கூச்ச சுபாவம் என்று கோகிலா நினைத்திருக்க வேண்டும்.

அந்தத் தளத்தில் போட்டிருந்த வீடியோ நான் எடுத்ததுதான். ஒகேனக்கல்லில் இவர் பரிசல் ஓட்டிக்கொண்டிருந்தபோது. மொத்தம் நாற்பது விநாடி.

பாறை இரண்டு பக்கமும் நெருக்குகிற திருப்பத்தில் எதிரே வரும் பரிசல் கண்ணுக்குத் தெரியாது. அதனால் ஓட்டுகிறவர்கள் முன்கூட்டியே குரல் கொடுப்பார்கள். ஆளுக்கு ஒரு கூவல். கேட்டதுமே வருவது யார் என்று மற்றவர்களுக்குத் தெரிந்துவிடும். இவர் கூவினால் மீன் வறுக்கிற கடைவரை கேட்கும்.

அதோடு சும்மா இருந்தாரா மனுஷன்? நாலு வருஷத்துக்கு முன் மைக்கோடு பரிசலில் ஏறிய பையன்கள் இன்னொரு வாட்டி, இன்னொரு வாட்டி என்று கேட்கக் கேட்க ஆறு தடவை கூவிக் காட்டினார். போதாக்குறைக்குத் தன் செலவில் வறுத்த மீன் வாங்கிக் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டார்.

அது ஒரு பாட்டின் தொடக்கத்தில் வந்தது. எங்களுக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

போன மாசம் என் வீடியோவில் சத்தம் நின்றுவிட்டது. துடுப்பு அசைகிறது, தண்ணீர் தெறிக்கிறது, இவர் வாய் திறக்கிறது, அவ்வளவுதான். கீழே ஒரு வரி. இந்த ஒலியின் உரிமை, பாட்டை வெளியிட்ட கம்பெனிக்குச் சொந்தமாம்.

எங்கள் வீட்டு ஆள் போட்ட சத்தத்தை நாங்கள் கேட்க எவனோ அனுமதி கொடுக்க வேண்டும். யாரிடம் போய் முட்டிக்கொள்வது? தாலுகா ஆபீஸ் என்றால் வாசலிலாவது உட்கார்ந்துகொள்ளலாம். இவர்களுக்கு வாசலே கிடையாது. எழுதி அனுப்பினால் ஒரே நிமிஷத்தில் பதில் வருகிறது. ஒரு நிமிஷத்தில் எவன் படித்துப் பார்த்திருப்பான்? பற்றிக்கொண்டு வந்தது எனக்கு.

வீடியோ எடுத்த போன் அந்த வருஷமே ஆற்றோடு போய்விட்டது. வேறு பிரதி இல்லை. பாட்டில்தான் இருக்கிறதே என்று ஊரில் சொல்கிறார்கள். பாட்டில் அதை மிஷினில் போட்டு இழுத்து, மேளத்துக்கு அடியில் புதைத்துவிட்டார்கள். அது இவர் இல்லை.

எனக்குக் காசு வேண்டாம், பெயரும் வேண்டாம். அந்த நாற்பது விநாடியைத் திருப்பிக் கொடுத்தால் போதும்.

கோகிலா பதிலை மறுபடி படித்தாள். முகம் மலர்ந்தது. குரலுக்குச் சொந்தக்காரர் என்று இவரே நிரூபிக்க ஒரு வழி கொடுத்திருக்கிறார்கள். போனில் பத்து விநாடி கூவிக் காட்டினால் அதுவே ஒப்பிட்டுப் பார்த்துச் சத்தத்தைத் திறந்துவிடுமாம்.

“இவ்ளோதானாங்க்கா! அண்ணா, ஒரே ஒரு சத்தம் போடுங்க.”

நான் வாயைத் திறப்பதற்குள் இவர் எழுந்து போனை வாங்கிவிட்டார். முகத்துக்கு நேரே பிடித்து நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார். கழுத்து நரம்பு புடைத்தது.

சட்டைக் காலருக்குள் இருக்கிற ஓட்டை வழியாக வெறும் காற்று வந்தது. சேலத்தில் இவர் குரல்வளையை எடுத்து ஒன்றரை வருஷமாகிறது.

கோகிலா வாயைப் பொத்திக்கொண்டாள்.

போன் பத்து விநாடியையும் எண்ணி முடித்தது. பிறகு எழுத்து வந்தது. சத்தம் போதவில்லை, இன்னும் உரக்கக் கூவவும்.

இவர் மறுபடியும் மூச்சை இழுத்தார்.