சென்ட்ரிங் பிரிக்கும் நாள்

கம்யூனிகேஷன் ஸ்கில்ஸ் வகுப்பில் ஒரே ஒரு சட்டம்தான். வாயைத் திறந்தால் இங்கிலீஷ். தமிழோ தெலுங்கோ வந்துவிட்டால் மணி அடிக்கும்வரை நிற்க வேண்டும். இன்டர்னல் மார்க்கும் குறையும்.

சட்டம் போட்டவர் ஜெபகுமார் சார். வேலூர்க்காரர். திருப்பதியில் இந்தக் கல்லூரிக்கு வந்த நாளிலிருந்து, கன்ஸ்ட்ரக்‌ஷன் மேனேஜ்மென்ட் பிள்ளைகளைத் திட்டுவது மட்டும் நல்ல தமிழில்தான். ஊருக்குத்தானே உபதேசம்!

அன்றும் ரூபா மாட்டிக்கொண்டாள். 'க்யூரிங்' என்றால் என்னவென்று கேட்டதற்கு, "தண்ணி ஊத்தி ஊற வெக்கிறது சார்" என்றாள், கொஞ்சமும் கூசாமல்.

"நில்லு."

நின்றாள். பக்கத்தில் தரணி ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தாள். பாலசமுத்திரத்துப் பெண். பள்ளிக்கூடம் முழுக்கத் தமிழ் மீடியம். அவள் நிற்பதில் யாருக்கும் ஆச்சரியமில்லை.

ரூபா புத்தூர் கான்வென்ட்டில் படித்தவள். கேன்டீனில் இங்கிலீஷில் பொரிந்து தள்ளுகிறவள். வகுப்பில் மட்டும் நாக்கு சுளுக்கிக்கொள்ளுமா என்ன? திமிர் என்று மற்றவர்கள் பேசிக்கொண்டார்கள். சாரும் அப்படித்தான் நினைத்தார்.

ஸ்ரீசிட்டியில் ஒரு கட்டுமானக் கம்பெனி பயிற்சிக்கு ஒரே ஒரு ஆள் கேட்டிருந்தது. பயிற்சி முடிந்தால் அங்கேயே வேலை. ரூபாவுக்கு அதன் மேல் உயிர். வேலை கிடைத்துவிட்டால் வீட்டில் கல்யாணப் பேச்சைத் தள்ளிப்போடலாம். சாருக்கும் அது தெரியும். கூப்பிட்டு எச்சரித்தார், இப்படியே போனால் உன் வகுப்பு யஸ்வந்த் பெயரைத்தான் அனுப்புவேன் என்று. தலையாட்டினாள்.

அடுத்த வகுப்பிலேயே, ஜன்னல் மூடியிருக்கிறதா என்று கேட்டதற்கு, "மூடிக்கினுதான் கீது சார்" என்றாள்.

சாருக்கு வந்த கோபத்தில் யஸ்வந்த் பெயர் அன்றைக்கே போய்விட்டது.

செமஸ்டர் கடைசியில் ஆளுக்கொரு தலைப்பில் பேச வேண்டும். தரணிக்கு வந்தது, கான்கிரீட் போட்ட பிறகு, அதைத் தாங்கி நிற்கும் சென்ட்ரிங் கம்புகளை எப்போது பிரிப்பது என்பது.

முன்னால் வந்து நின்றாள். இங்கிலீஷ் துண்டு துண்டாகத்தான் வந்தது, ஆனால் வேறு மொழி எட்டிப் பார்க்கவில்லை. தளம் புதுசு, தன் பாரத்தைத் தானே தாங்கும்வரை கீழே கம்புகள் நிற்கட்டும், அவசரப்பட்டு எடுத்தால் இடிந்து விழும் என்று சொல்லி முடித்தாள். பிள்ளைகள் கை தட்டினார்கள். அவள் தைரியமாகப் போய் உட்கார்ந்தாள்.

அடுத்து ரூபா வந்தாள். தங்குதடையில்லாத இங்கிலீஷ். ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை.

வகுப்பு முடிந்ததும் சார் அவளை நிறுத்தினார். "இவ்ளோ நல்லாப் பேசத் தெரிஞ்சவ, ஏம்மா தினம் தினம் நின்ன? கைக்கு வந்த இடம் போயிடுச்சே."

ரூபா குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"தரணி முத வாரமே பெட்டியக் கட்டிட்டா சார். கிளாஸ்ல தனி ஒருத்தியா நிக்கிறது மானம் போவுது, ஊருக்கே போய் நைனா கூட வேர்க்கடல பறிக்கிறேன்னு அழுதா. அவ எழுந்து நிக்கிறப்பல்லாம் நானும் கூட நின்னேன்."

ரூபா வாசலில் காத்திருந்த தரணியைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"இன்னிக்கு அவ பாரத்த அவளே தாங்கிக்கினா சார். இனிமே கம்ப எடுத்துடலாம்."