பாதிக் காசு

இன்சாப்பின் வாயை அவன் கையிலிருந்த எண்ணெய்த் துணியாலேயே அடைக்க வேண்டும் போலிருந்தது.

படகு எஞ்சின் திருத்த வந்தவன் எஞ்சினோடு நிற்க வேண்டியதுதானே?

தகர வேலிக்கு அந்தப் பக்கம் ஜெனிஸ்ரா நின்றாள். என் அக்கா. அப்பாவின் வீடு அவளுக்குச் சீதனமாகப் போன நாளிலிருந்து நான் அவளை அக்கா என்று கூப்பிடுவதில்லை. தலைமன்னாரில் எங்கள் சண்டை தெரியாத ஆள் இல்லை. அவள் காலைப் பூசைக்குப் போனால் நான் பின்னேரப் பூசைக்குப் போவேன்.

மாதத்தில் ஒரு நாள்தான் அவள் வேலிக்கு வருவாள். இணைய விளையாட்டின் மாதக் காசில் என் பாதியை வாங்க.

சண்டைக்கு முன்பே தொடங்கிய விளையாட்டு அது. தனித்தனியாகக் கட்ட வசதியில்லாமல் இருவருமாக ஒரே கணக்கு எடுத்தோம். ஒரே வீராங்கனை. காலையில் அவள் விளையாடுவாள், கடலிலிருந்து வந்து பின்னேரம் நான். நான் சேர்த்த பொன்னில் அவள் குதிரை வாங்குவாள். வயிறெரிந்து நான் அந்தக் குதிரையை விற்பேன். காசு மட்டும் அவளுடைய வங்கி அட்டையில் கழியும்.

இன்றும் வேலிக்கு மேலால் கையை நீட்டினாள்.

“என்னடா, ஓசியில விளையாடலாமெண்டு பாக்கிறியோ? எடு காசை.”

“வீட்டை விழுங்கினவளுக்கு இதுவும் வேணுமாக்கும்.”

வழக்கமாக இது அரை மணி நேரமாவது போகும். அம்மாவின் கால் நோவு, என் மகளின் இருமல், எல்லாவற்றையும் ஏச்சாகத்தான் விசாரிப்போம். வேறு பேச்சு எங்களுக்குள் கிடையாது.

இன்சாப் தலையை நிமிர்த்தினான்.

“அந்த விளையாட்டோ, மச்சான்? போன வருசமே மாசக் காசை நிப்பாட்டிட்டாங்களே! வாள், உடுப்பு வாங்கினாத்தான் காசு. ஆளுக்கொரு கணக்கைச் சும்மாவே திறக்கலாம்.”

நீட்டிய கை அப்படியே நின்றது. ஜெனிஸ்ராவின் முகம் வெளிறிப்போனது. அட்டையில் ஒரு சதமும் கழியவில்லை என்பது அவளுக்குத் தெரியாமலா இருக்கும்?

கையை மெல்ல இழுத்தாள்.

“உனக்கு என்னடா தெரியும்? எஞ்சினைப் பார்!” என்று இன்சாப்பைப் பார்த்துக் கத்தினேன். அவள் கையை எட்டிப் பிடித்துக் காசை உள்ளங்கையில் அழுத்தினேன். “எண்ணிப் பார். பிறகு குறையுதெண்டு வந்து நிக்காத.”

அவள் எண்ணவில்லை.

“அடுத்த மாசமாவது நேரத்துக்குத் தா, நாயே,” என்றாள்.

அவள் உள்ளே போனதும் இன்சாப் கிட்ட வந்தான்.

“அவ உன்னை ஏமாத்துறா, மச்சான்.”

விளையாட்டு இனி இலவசம் என்ற அறிவிப்பு போன வருடம் ஒரு பின்னேரம் என் திரையிலும் வந்தது. முழுதாக வாசித்தேன். மூடிவிட்டு, அந்த மாதக் காசை எடுத்துக்கொண்டு வேலிக்குப் போனேன்.