மெமரியில் கொள்ளாதது

“சும்மா ஒரு கற்பனைக் கேள்விதாம்மா. டேட்டா மலை மாதிரி கிடக்கு. மெஷின் மெமரியில பத்துல ஒரு பங்குதான் கொள்ளும். மொத்தத்தையும் பேர் வரிசையில அடுக்கணும். எப்படி? நேத்தும் முந்தாநாளும் வந்தவங்க பாதியில நின்னுட்டாங்க.”

கேட்டவர் ஹரிஷ்குமார், தலைமை சாஃப்ட்வேர் ஆர்க்கிடெக்ட். அந்தப் பட்டம் மேசைமேல் பித்தளையிலும், சுவரில் ஃபிரேமுக்குள்ளும், அவர் காபிக் கோப்பையிலும் இருந்தது.

எதிரே இன்டர்வியூவுக்கு வந்த நிக்கோல். பழைய கம்பெனி ஆட்குறைப்பில் வேலை போனதை அவள் வீட்டில் சொல்லவில்லை. தினமும் பையோடு லிங்கராஜபுரத்தில் பஸ் ஏறிக்கொண்டிருந்தாள். இந்த வேலை கிடைத்தால் அந்தப் பொய் தானாகவே உண்மையாகிவிடும்.

“மொத்தமா ஏத்தினா மெஷின் படுத்துடும் சார். மெமரி தாங்கற அளவுக்கு ஒரு துண்டு எடுத்து, அதை மட்டும் அடுக்கி, டிஸ்க்ல எழுதிடணும். அப்புறம் அடுத்த துண்டு.”

“அது எனக்கே தெரியும்,” என்றபடி ஹரிஷ்குமார் அவசரமாக எழுதினார். ராம்கி என்ற புரோகிராமர் வந்து தாளை வாங்கிக்கொண்டு ஓடினான்.

“மார்க் போடறதுக்கு,” என்றார்.

பிறகு தன் சாதனைகளைச் சொல்லத் தொடங்கினார். காபி ஆறிப்போனது.

“சரி, அடுக்கின துண்டுங்களை ஒண்ணா சேர்க்கறது எப்படி?”

“அதை ஆஃபர் லெட்டர் வந்ததும் சொல்றேன் சார்.”

“என்ன திமிரும்மா உங்களுக்கு. இந்த நாற்காலிக்கு எத்தனை பேர் க்யூல நிக்கறாங்க தெரியுமா? கிளம்புங்க.”

நிக்கோல் பையை எடுத்தாள். கதவு திறந்தது.

“ஆச்சு சார், துண்டெல்லாம் அடுக்கியாச்சு,” என்றான் ராம்கி. “சேர்க்கறதைக் கேட்டீங்களா? கிளையண்ட் மறுபடி லைன்ல.”

ஹரிஷ்குமார் ஃபோனை எடுத்து எச்.ஆரை அழைத்தார். பிறகு ஆஃபர் லெட்டர் வந்தது. நிக்கோல் முழுக்கப் படித்துவிட்டு, கையெழுத்துப் போட்டாள்.

“ஒவ்வொரு துண்டுலயும் முதல்ல நிக்கற பேரை மட்டும் மெமரிக்கு எடுங்க. அதுல முந்தி வர்றதை எழுதிட்டு, அது வந்த துண்டுலேர்ந்து அடுத்த பேரு.”

“ஒரே ஆள் ரெண்டு துண்டுல வந்தா?”

“அது ஆஷ்லி பார்ட் சார். நடுவுல மெஷின் நின்னா விட்ட இடத்துலேர்ந்து தொடர்றது டிரேவர் பார்ட்.”

“யாரு அவங்க?”

“நேத்தும் முந்தாநாளும் பாதியில நின்னவங்க. மூணு பேருக்கும் ஒரே நாள்லதான் வேலை போச்சு, ரெண்டு பேரும் கீழ டீக்கடையில இருக்காங்க. மொத்தப் பதிலையும் ஒரே ஆள் தலையில ஏத்தி அனுப்பினா ஒரு லெட்டர்தானே சார் வரும், அதான் துண்டு துண்டா வந்தோம்.”