பந்தைப் பாருடா!

“டேய் ரமீரோ! பந்தைப் பாருடா! மேல பட்டத்துலயா கோல் போடப் போறாங்க?”

வில்மார் போட்ட சத்தத்தில் மைதானத்தின் கம்பிவேலியே அதிர்ந்தது. எங்கள் செர்ரோ மேட்டில் சிறுவர் கால்பந்து இறுதி ஆட்டம். கடைசி நிமிடம். புள்ளிக் கணக்கில் நாங்கள்தான் முன்னால்; இந்தச் சமநிலையிலேயே முடிந்தால் கோப்பை எங்கள் பேட்டைக்கு. கோலைக் காப்பது வில்மாரின் எட்டு வயது மகன். அவனோ பட்டத்தைப் பார்க்கிறான், நாயைப் பார்க்கிறான், பந்தை மட்டும் பார்ப்பதாகக் காணோம்.

“நல்ல கோல்கீப்பரப்பா!” பக்கத்தில் நின்ற எதிரணித் தகப்பன் சிரித்தான். “எத்தனை பட்டம் பறக்குதுன்னு கேளுங்க, கரெக்டா சொல்லுவான்.”

வில்மாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெந்நீர் ஃபிளாஸ்க்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கையிலிருந்த மாத்தே தேநீர்க் குவளையை ஆட்டி ஆட்டிக் கத்தினார்.

“எனக்கு நாப்பது வயசுடா! ஆட்டம் ஆரம்பிச்சதுலேருந்து பந்தைத் தவிர வேற எதுவுமே என் கண்ணுல படல. உனக்கு என்ன கேடு? டீச்சர் சொல்றது சரிதான், உன் புத்தி ஒரு இடத்துல நிக்காது!”

ரமீரோ அப்பாவைத் திரும்பிப் பார்த்தான். அப்பாவுக்குப் பின்னாலும் பார்த்தான். அடுத்த நொடி, கோலை அப்படியே விட்டுவிட்டு வேலிக் கதவு வழியாக வெளியே ஓடினான்.

எதிரணிப் பொடியன் ஒருவன் காலியாகக் கிடந்த கோலுக்குள் நிதானமாகப் பந்தைத் தட்டிவிட்டான். விசில் ஊதியாயிற்று. கோப்பை போயிற்று.

“உன் புள்ளையால எல்லாம் நாசமாப் போச்சு!” பயிற்சியாளர் தொப்பியைக் கழற்றி வீசினார். “இனிமே அவனை இந்தப் பக்கம் கூட்டிட்டு வராத வில்மார்!”

ஊர் முன்னால் பட்ட அவமானம். வில்மாருக்கு முகமெல்லாம் எரிந்தது. “இன்னைக்கு அவன் தோலை உரிக்கல, பாரு!” என்று கறுவியபடி தெருச் சரிவில் மகனைத் தேடி ஓடினார்.

சரிவு முடிகிற இடத்தில், பஸ்கள் பறக்கும் சாலையோரத்தில் ரமீரோ முதுகைக் காட்டி நின்றிருந்தான்.

“ஏண்டா ஓடின? வாயைத் திறந்து சொல்லுடா!” கையை ஓங்கிக்கொண்டு முன்னால் போனார்.

வேலியோரம் கத்துகிற மும்முரத்தில் வில்மார் பிடியை விட்டதும் தானாக உருண்டு வந்து, முன்சக்கரங்கள் சாலையில் இறங்கிவிட்டிருந்த குழந்தைத் தள்ளுவண்டியை, ரமீரோ கையுறை மாட்டிய இரண்டு கைகளாலும் இழுத்துப் பிடித்திருந்தான்.

“கத்தாதப்பா,” என்றான் மூச்சு வாங்க. “பாப்பா முழிச்சுக்குவா.”