மீசை வைத்த எமல்டா

குன்னூர் மலை ரயிலில் இப்போது யாரும் ஏறுவதில்லை. எல்லோரும் வீட்டிலிருந்தே மெய்நிகர் கண்ணாடி மாட்டிக்கொண்டு, இருக்கைகளில் பொருத்திய கேமராக்கள் வழியாகப் பயணம் போகிறார்கள். காலிப் பெட்டிகளைப் பின்னாலிருந்து தள்ளி மலையேற்றும் பழைய எக்ஸ் ரக நீராவி எஞ்சினுக்குக் கரி அள்ளிப் போடுபவள் எமல்டா.

ஆஸ்லோவிலிருக்கும் மகள் பியூலா, அம்மாவைப் பார்க்கவென்றே ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்படியொரு கண்ணாடிப் பயணத்துக்கு டிக்கெட் எடுத்திருந்தாள். அன்று மாலை போன் செய்தாள்.

“ரயில்ல நீ இல்லவே இல்லையேம்மா. யாரோ மீசைக்காரர்தான் கரி போட்டுட்டிருந்தார்.”

எமல்டாவுக்குப் புரிந்துவிட்டது. எஞ்சினை அந்தக் காலத்துக் கோலத்திலேயே காட்டுவதற்காக, கண்ணாடியில் தெரியும் அவள்மேல் ஒரு ஆணின் உருவத்தைப் போர்த்தியிருக்கிறார்கள்.

“கல்லாறு தாண்டினதும் அவர் நெத்தியைத் துடைச்சிட்டு, பெட்டியையே எட்டி எட்டிப் பார்த்தாரா?”

“ஆமா. எனக்குக் கொஞ்சம் பயமாக்கூட இருந்துச்சு.”

“அது நான்தான்டி. நீ எங்க உக்காந்திருக்கேன்னு தேடினேன்.”



“கடைசிப் பெட்டிம்மா,” என்றாள் பியூலா. “ஜன்னலோரம்.”

மறுநாள் காலை அந்த இருக்கை பனியில் நனைந்து கிடந்தது. எமல்டா தன் துண்டால் அதைத் துடைத்துவிட்டு, எஞ்சினில் ஏறிக்கொண்டாள்.