ராஜபாய் வீட்டு எரிகல்

"யாரும் கல்லைத் தொடக்கூடாது" என்று இரண்டு கைகளையும் விரித்துத் தடுத்தார் வில்லேஜ் ஆபீசர் ஹரிகுமார். தேயிலைத் தோட்டத்து லய வரிசை வீடுகளின் ஜனம் மொத்தமும் ராஜபாயின் வாசலில் நின்றது.

உள்ளே தரையில் ஒரு கல், கரிக்கட்டி மாதிரி கறுத்துக் கிடந்தது. நேர் மேலே, தகரக் கூரையில் தேங்காய் அளவுக்கு ஓர் ஓட்டை. அதன் வழியாக வானம் தெரிந்தது.

முந்தின நாள் அந்திக்குமேல் பொன்முடிப் பக்கம் ஓர் எரிகல் பாய்ந்து போனதைத் திருவனந்தபுரமே பார்த்திருந்தது. எல்லார் போனிலும் அந்த வெளிச்சம்தான். காலையில் ராஜபாய் கூப்பிட்டுச் சொன்னதும், மூடிக் கிடக்கும் அந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு ஹரிகுமார் ஜீப்பில் ஏறி வந்துவிட்டார்.

"எப்போழாக்கும் விழுந்தது?"

"ஏழு மணி இருக்கும் சார். கொழுந்த ஒண்ணொண்ணா எண்ணலாம், அப்பிடி வெளிச்சம். நாய் கட்டிலுக்கடியில ஓடிருச்சு. அப்புறந்தான் டமார்னு சத்தம்."

"அம்மைக்கு அடி ஒண்ணும் பட்டில்லல்லோ?"

"எனக்கு என்ன சார். வெள்ளிக்கிழம எம்மவ பச்சப்புள்ளயோட ஆஸ்பத்திரிலேர்ந்து வரா. புள்ளய எங்க கெடத்துவேன்?" ராஜபாய் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஓட்டையைச் சரியாகப் பார்க்க ஹரிகுமார் ஓரடி முன்னால் வைத்தார். ஓட்டைக்கு நேர் கீழே தரையில் படர்ந்திருந்த பாசி வழுக்கிவிட்டது. பக்கத்து வீட்டு உச்சிமாகாளி சட்டென்று அவரைத் தாங்கிப் பிடித்தான்.

"சூக்ஷிக்கணும் சார், பாத்து."

ஹரிகுமார் வேட்டியைச் சரிசெய்துகொண்டு ராஜபாயிடம் திரும்பினார். "கூரை பழசாகிப் போச்சுன்னா கம்பெனிதான் மாத்தணும், நாங்க ஒண்ணும் செய்ய ஒக்காது. ஆகாசத்துலேர்ந்து விழுந்தா கதை வேற. அது பிரகிருதி க்ஷோபம், இயற்கைச் சேதம், சர்க்கார் தரும். இன்னைக்கே ஷீட் வரும். அம்மை கரையண்டாம், அழாதீங்க."

ராஜபாய் கையெடுத்துக் கும்பிட்டாள்.

உச்சிமாகாளி கொடுத்த துவர்த்துத் துண்டில் கல்லைப் பொதிந்து, பிஸ்கட் டின்னில் வைத்து, அரக்கு சீல் வைத்தார் ஹரிகுமார். ஆராய்ச்சிக்கு அனுப்ப வேண்டுமாம். டின்னை யாரிடமும் கொடுக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டு ஜீப்பில் உட்கார்ந்தார்.

சொன்னபடி மூன்று மணிக்குள் ஷீட் வந்தது. இரண்டு பேர் ஏறி மாட்டிவிட்டு இறங்கினார்கள். நாலரைக்குத் துலாமழை, ஐப்பசி மாதத்து அடைமழை, பிடித்துக்கொண்டது. மேலே அத்தனை இரைச்சல், உள்ளே ஒரு சொட்டு இல்லை. ராஜபாய் காய்ந்த தரையைக் கையால் தடவிப் பார்த்தாள், பிறகு அங்கேயே காலை நீட்டி உட்கார்ந்தாள்.

நனைந்துகொண்டே உச்சிமாகாளி வந்தான். புதுக் கூரையை அண்ணாந்து பார்த்தான். வெளியே யாரும் இல்லை என்று தெரிந்ததும் குரலைத் தாழ்த்தினான்.

"ராஜக்கா, எங்க வீட்டு ஓட்டைக்கு எந்தக் கல்லப் போடட்டும்?"