கத்தி வைக்காத வைத்தியம்
நமுனுகுல மலையில் பனி விலகி, தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரி சன்னல் வழியே வரும் வெயில் அங்கம்மாவின் நெற்றியில் விழுகிறது. கொழுந்துக் கூடையின் கயிறு அழுத்துகிற அதே இடத்தில் புண். டாக்டர் ஈரப் பஞ்சால் துடைக்கத் துடைக்க, விடியற்காலையில் அவள் புருஷன் சடையன் அப்பிவிட்ட சுண்ணாம்பு பீங்கான் தட்டில் கட்டிகட்டியாய் உதிர்கிறது. அவர் பக்கத்தில் நிற்கும் சடையனிடம் சொல்கிறார்: “இது புற்றுப்பா. ரெண்டு வருஷம் முந்தி வந்திருந்தா கொழும்புக்கு அனுப்பியிருப்பேன். ரேடியம்னு ஒண்ணு இருக்கு. புண்ணு மேல வச்சு எடுத்தா, அதோட கதிர்லயே கரைஞ்சிருக்கும். இப்ப எலும்பைத் தொட்டிருச்சு.” சடையன் தலைத்துண்டை முறுக்குகிறான். ஆஸ்பத்திரிக்குப் போனால் முகத்தை அறுத்துவிடுவார்கள் என்று அவளைத் தடுத்தவன் அவன்தான். காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுக்கும் கங்காணி கண்டுவிடாதபடி, தினமும் சுண்ணாம்பு பூசி, துணி மடித்து வைத்து, அதன்மேல் கயிற்றை மாட்டிவிட்டதும் அவன்தான். “அப்பவே வந்திருந்தா கத்தியே வச்சிருக்க மாட்டாங்களா, ஐயா?” என்று அங்கம்மா கேட்கிறாள். “கத்தியே தேவைப்பட்டிருக்காதும்மா,” என்கிறார் டாக்டர். அங்கம்மா தட்டிலுள்ள சுண்ணாம்பைப் பார்த்தபடி, “இவரு ஆஸ்பத்திரிக்கு வான்னுதான் கூப்பிட்டாரு. நான்தான் பயந்துக்கிட்டு வரல்லைங்க,” என்கிறாள். அந்தப் பொய்யை மறுக்காமல், சடையன் சுண்ணாம்புத் தட்டை அவள் கண்ணில் படாதபடி நகர்த்திவைக்கிறான்.